திங்கக்கிழமை நாயம்

அனுப்பர்பாளையம் பிரிவில்
பேக்கரி ஷட்டர் பாதி ஏறும்போது
அமெரிக்காவில் ஞாயிறு இன்னும் முடிந்திருக்காது.
நாச்சிமுத்து தேங்காய் பன் அடுக்கியபடியே
போனைக் கடலைமிட்டாய் பாட்டிலில் சாய்த்து வைப்பார்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு மைதானம்.
அங்கே பனி கொட்டுகிறது.
இங்கே கார்த்திகைத் தூறல்,
சாயப்பட்டறை வாசத்தோடு.

ஃபுல் நைட் முடித்து வந்திருக்கிறோம்.
எட்டரைக்கு மறுபடி உள்ளே போகணும்.

இந்த ஆட்டத்தைப் பற்றி
எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்காதீர்கள்.
கழுகுப் பச்சை க்யூரிங்கில் கறுக்கும், தெரியும்.
கரடி ஆரஞ்சு மூன்று கோட் கேட்கும்.
டால்பினுக்கு வால் நுனி
எந்த ஸ்கிரீனிலும் ஒழுங்காக விழாது,
அதனால்தான் அந்த டீம் உருப்படவில்லை
என்பது டேபிள் பிரிண்டிங் செங்கோடனின் கட்சி.

ஆளுக்கொரு டீம் எப்படி வந்ததென்றால்,
சைஸ் சரியாக இருந்த ரிஜெக்ட் பனியன்
எந்த டீமோ அது.
ஜார்க்கண்டிலிருந்து வந்த பப்லு மாஞ்சிக்கு
மூக்கு விலகிய கழுகு.
செக்கிங் கோகிலவாணிக்குக் கரடி,
ஒரு காது அச்சாகாதது.

"ஏனுங், உங்க கரடி போன வாரமும்
குப்புற உழுந்துருச்சாமா?"
"உழுகலீங். தள்ளி உட்டாங்க.
அந்த வரிச்சட்டைக்காரன் எங்கீயோ பாத்துட்டு நின்னான்."
"ஆமா, தோத்தா வரிச்சட்டை, ஜெயிச்சா கரடி."
"நீங்க மொதல்ல
உங்க சிங்கத்துக்குப் பல்லு கட்டீட்டு வாங்க!"

எட்டு இருபது.
பந்து கரடியிடம்.
நாலு வாய்ப்பில் மூன்று போயாச்சு.
இன்னும் இரண்டு கஜம் பாக்கி.

"ஒதைச்சு அக்கட்டால தள்ளோணும்,"
என்றான் செங்கோடன்.
"அவன் தொலவுல இருந்து வரட்டும். அதுதான் புத்தி."
"கையில இருக்கறதை எதுக்குங் காலால ஒதைக்கோணும்?"
"கெடைக்காமப் போனா?"
"போனா அங்கியே நிப்போம்."

கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவினாள்.
பன் தட்டிலிருந்து பப்லுவின் சைக்கிள் வரைக்கும்
தூறலில் நீட்டிப் பிடித்தாள்.
ஒரு டேப், அதற்கு மேல் ஒன்றேகால் சாண்.
"இத்தனூண்டுக்கா பயம்?"

யாரும் சிரிக்கவில்லை.
வியாழக்கிழமை
நெருப்பெரிச்சலில் இரண்டு பழைய ஓவர்லாக் மிஷினுக்கு
அவள் அட்வான்ஸ் கொடுக்கப்போவது
எல்லாருக்கும் தெரியும்.
முன்னமே இரண்டு தடவை போட்டு
இரண்டு தடவையும் இழுத்து மூடியவள்.
இரண்டாம் தடவையில் செங்கோடனின்
நாற்பதாயிரம் இருந்தது.
அதை அவன் சொல்லவில்லை.
டீ கிளாஸைக் கழுவி வைத்தான்,
கழுவுவது அவன் வேலை இல்லை.

பனியில் இரண்டு வரிசையும் குனிந்து நின்றன.
சங்கு ஊதிவிட்டது.

மத்தியானம் நவநீதன் வந்தான்,
மெர்ச்சண்டைசர், காதில் இன்னும் போன்.
"கரடி ரிப்பீட், ரெண்டாயிரம் பீஸ்.
வெள்ளிக்கெழம டிஸ்பாட்ச்."
எங்களுக்கு ஸ்கோர் இப்படித்தான் வரும், பீஸ் கணக்கில்.
ஜெயித்ததா என்று கேட்டால்
அவனுக்கு ஆட்டம் தெரியாது.

"ஒதைச்சிருப்பான்," என்றான் செங்கோடன்,
ஆரஞ்சு டப்பாவைத் திறந்தபடி.
"ஓடியிருப்பான்."
"பனியில எவன் ஓடுவான்?"
"ஓடறவன் ஓடுவான்."
இரண்டாம் கோட் போயிற்று, மூன்றாவதும்.
கேன்டீனில் ரசம் தீர்ந்துவிட்டது என்று
யாரோ வந்து சொன்னார்கள்.
நாயம் மட்டும் நிற்கவில்லை.

பப்லு பாத்ரூம் பக்கம் போய்
போனில் அந்த நாலாவது வாய்ப்பைப் பார்த்துவிட்டு வந்தான்.
நெஞ்சில் மூக்கு விலகிய கழுகு.
முகத்தில் ஒன்றும் இல்லை.

இருவரும் ஒரு கணம் அவனைப் பார்த்தார்கள்.
கேட்கவில்லை.
அவனும் அடுத்த பனியனை
பலகையில் இழுத்து மாட்டினான்.