நான்கு மைக்ரான்

லீமாவில் ஜூலை மாதம்.
மழை என்று சொல்லத் தகாத ஏதோ ஒன்று
ஜன்னலில் வியர்க்கிறது.
மெழுகுக் கட்டியை ஐஸ்மேல் கவிழ்த்துவிட்டு
விரல்களை அக்குளில் சூடேற்றுகிறேன்.

கட்டி எண் 0417.
எதெல்வீனா சுல்கா. ஐம்பத்து மூன்று வயது.
புகைப்பழக்கம்: இல்லை.
அதனடியில் யாரோ பென்சிலால்:
விறகடுப்பு, ஹுவான்காவேலிகா, இருபத்தாறு வருடம்.

ஊசி கிள்ளிவந்த சதை
நொய்யரிசி ஒன்றின் அளவு.
அதில் பாதியைச் சாயங்கள் தின்றுவிட்டன.
நுரையீரலிலேயே பிறந்ததா என்று கேட்க ஒரு சீவல்,
வேறெங்கோ பிறந்து குடியேறியதா என்று கேட்க இன்னொன்று,
சந்தேகம் தீராத டாக்டருக்காக மூன்று.
கேட்கக் கேட்கத் தேய்கிற சாட்சி.
மிச்சம் இருப்பது ஒரே கேள்விக்கு.

குறி பார்த்து அடிக்கும் மாத்திரை வந்திருக்கிறது.
குறி இருந்தால்தான் அடிக்கும்.
பத்தொன்பதாம் எக்ஸானில்
சில எழுத்துகள் உதிர்ந்திருக்க வேண்டும்;
உதிர்ந்த இடத்தில் அணைக்க முடியாத சுவிட்ச் ஒன்று
எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.
எழுத்துப் பிழை வேண்டி
வேறெந்த வேலையில் பிரார்த்திப்பார்கள்?

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்
கோக்கா இலைகளைத் துணியில் வீசிக் குறி சொல்பவர்
பத்து சோல் வாங்குகிறார்.
என் இயந்திரம் மூன்று வாரம் வாங்குகிறது.
இருவரும் 'அநேகமாக' என்றுதான் முடிக்கிறோம்.
என் அநேகமாகவுக்கு ஒரு எண் உண்டு:
குறி உள்ள பத்துப் பேரில் ஏழு பேருக்குக் கட்டி சுருங்கும்.
மீதி மூன்று பேரை
எந்த எக்ஸானில் தேடுவது என்று
எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கத்தி இறங்கியது. நான்கு மைக்ரான்.
முதல் சீவல் சுருளாமல் வந்தது.
இரண்டாவதும்.
மூன்றாவது பிரஷ் நுனியில் நிற்கும்போது
காப்பி வேண்டுமா என்று கதவைத் திறந்தான் வில்மர்.
காற்று.
தரையில் இல்லை, மேசையில் இல்லை,
வெந்நீர்த் தொட்டியில் இல்லை.
மண்டியிட்டுத் தேடினோம், இரண்டு பெரியவர்கள்,
கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்ணை.

அடுத்த வெட்டில் வெறும் மெழுகு.

இரண்டு சீவலோடு அனுப்பினேன்.
போதாமல் போகலாம் என்று படிவத்தில் எழுதி,
எழுதியதை அடித்து,
பிறகு அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினேன்.

போதுமானதாக இருந்தது.
உதிர்ந்திருந்தது.

நவம்பரில், வெயில் வந்தபின்,
ஒரு பெண் கவுண்டரில் நின்று
தன் கட்டியைத் திருப்பிக் கேட்டாள்.
"நெஞ்சிலே இருக்கிறது சின்னதாகிவிட்டதாம்.
இங்கே இருக்கிறதும் என்னுடையதுதானே?"
பத்து வருடம் காப்பகத்தில் இருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னேன்.
விதிதானே, பார்க்கக்கூடவா கூடாது என்றாள்.
எடுத்துவந்தேன்.
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
"இதில் நான் எங்கே?"

இல்லை, தீர்ந்துவிட்டது என்றேன்.
கேட்காமலே மற்றதையும் சொன்னேன்:
ஒரு சீவல் தொலைந்தது, அநேகமாக என் சட்டைக் கையில்
ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கும்,
சனிக்கிழமை துவைத்துவிட்டேன்.

ஒரு கணம் முறைத்தாள்.
பிறகு தோள் குலுங்கியது. நான் நாற்காலியை இழுத்தேன்.
வேண்டாம் என்று கையசைத்தாள்:
இருமல் இல்லை, சிரிப்பு.

இப்போதெல்லாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை
அவள் ரத்தம் மட்டும் வருகிறது, ஊதா மூடிக் குழாயில்.
அதில் தேடுவது வேறொரு குறி:
மாத்திரை தோற்கப்போகும் நாளை
ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடக்கூடியது.
என்றாவது வரும். அநேகமாக.

நேற்றைய குழாயில்: இல்லை.
அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்துவிட்டு
அனுப்பாமல் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
கதவைத் திறக்காதே என்று
வில்மரிடம் சொல்லியிருந்தேன்,
ரத்தம் பறக்காது என்று தெரிந்தும்.