மீதி

காலை எட்டு மணிக்கு வகுப்புக்குள் முதலில் வருவது
ஈரக் கம்பளிக் காலணிகளின் வாசம்.
பிள்ளைகள் அதற்குப் பின்னால்தான்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மைனஸ் என்ற சொல்லை இவர்களுக்கு
நான் இன்னும் சொல்லித்தரவில்லை,
மூக்கு நுனிகளுக்கு அது தெரியும்.

அடுப்பில் இரண்டு வறட்டி தள்ளிவிட்டு
எழுத்தைத் தொடங்கினேன்.
ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு.
வாயைக் குவித்து, ஓவுக்கும் ஊவுக்கும் நடுவே எங்கேயோ
நின்றுவிட வேண்டிய ஒலி.
எதைப்போல இருக்கிறது?
முட்டை, என்றான் பத்தாம்.
தூங்குகிற கண், என்றாள் உயங்கா.
கச்சை கட்டிய எங்கள் மாமா, என்றது பின்வரிசை.
அதற்கப்புறம் கால்மணி நேரம் வகுப்பு என் கையில் இல்லை.
கரும்பலகை முழுக்க மாமாக்கள்:
குண்டு மாமா, சாய்ந்த மாமா,
கச்சை நழுவித் தரையில் விழுந்த மாமா.
சாரூல் எழுதும்போது நாக்கும் சேர்ந்து எழுதுகிறது,
உதட்டோரம் அதே வட்டம்.

பிறகு கணக்கு.
துணிப்பையில் ஆட்டுக் கணுக்கால் எலும்புகள் வைத்திருக்கிறேன்.
இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும், உருட்டி விளையாட.
விழுகிற பக்கத்தைப் பொறுத்து அது
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு.
மேசைமேல் ஒன்பதை வரிசையாக வைத்தேன்.
நான்கை எடுத்து உள்ளங்கைக்குள் மூடினேன்.
மீதி எத்தனை?

ஐந்து! கூரைத் தூசி உதிர்ந்தது.
ஸொல்பூ மட்டும் ஒன்பது என்றான்.
மறுபடி எண்ணு.
எண்ணினான், ஒவ்வொன்றாய்த் தொட்டு, ஐந்து வரை.
அப்புறம் என் மூடிய கைமுட்டியைத் தொட்டு
ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது.

‘நிற்கிறது ஐந்து, பக்‌ஷா.
நாலு படுத்திருக்கிறது, பட்டிக்குப் பின்னால்.
அப்பா அடுக்கி வைத்திருக்கிறார்.
லாரி இன்னும் வரவில்லை.’

இந்த வருஷம் பனி மழையாய் ஆரம்பித்துக்
கண்ணாடியாய் உறைந்தது.
அடியில் புல் தெரிகிறது, வாய்க்கு எட்டவில்லை.

உயங்கா கை தூக்கினாள்.
எங்கள் வீட்டில் இருநூறில்,
என்று ஆரம்பித்து நின்றுவிட்டாள்.
நாங்கள் இருபது வரைதான் வந்திருக்கிறோம்.
அதற்குமேல் அவளிடம் எண் இல்லை.
கடன் வாங்கிக் கழித்தல் இரண்டாம் வகுப்பில் வரும்.
ஸொல்பூவின் அப்பா நவம்பரிலேயே
வங்கியில் அதை ஆரம்பித்துவிட்டார்.

அவன் நோட்டில் ஒன்பது, வால் கொஞ்சம் நீளமாக.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
தப்பு என்று போடக் கை வரவில்லை.
சரி என்று போட்டால் நாளைக்கு
ஏழிலிருந்து இரண்டு போனால் என்ன சொல்வான்?
பக்கத்தில் பென்சிலால் ஒரு ஐந்து எழுதினேன்.
இரண்டும் இருக்கட்டும்.

இடைவேளையில் அதே எலும்புகளைத்
தரையில் கொட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.
ஸொல்பூ நாலை எடுத்துக் குலுக்கி ஊதிப் போட்டான்.
நாலும் நாலு மிருகமாய் விழுந்தன, அப்படி விழுந்தால் அதிர்ஷ்டம்.
அடுப்பைச் சுற்றி மூன்று தடவை ஓடினான்,
ஒரு காலில் செருப்பில்லாமல்.
கீழே விழப்போகிறாய் என்று அதட்டினேன்,
எல்லா நாளும் அதட்டுகிற குரலில்.

இந்த மாதம் துணிப்பை முடிச்சுப் போட வரவில்லை.
கணக்குக்கு, பக்‌ஷா, என்று
ஆளுக்கொரு கை கொண்டுவந்து போடுகிறார்கள்.
வெந்நீரில் கழுவிய, இன்னும் மஞ்சளேறாத எலும்புகள்.
பள்ளிக்கூடத்தில் இப்போது அதிகமாய் இருப்பது அதுதான்.

வீட்டுப்பாடம்: கச்சை கட்டிய வட்டம், ஒரு பக்கம்.
கோட்டைத் தாண்டி வெளியே போகக்கூடாது.