படிகாரம்

மூன்று மில்லிமீட்டர் டேப் உடையும்போது
பெரிய சத்தம் எதுவும் கேட்காது.
பல்லி ஒருமுறை சொன்னதுபோல ஒரு டிக்.
கை மட்டும் சட்டென்று லேசாகிவிடும்.

எட்டு மாதத்துச் சிலிண்டர்.
நெல்பேட்டைப் பழைய இரும்புக் கடையில்
எடைக்கு வாங்கிய வெண்கல வால்வு ஒன்றை
அறுத்து, கடைந்து, உள்வாயைத் தேய்த்து,
ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அடைத்தால்
பிஸ்டன் விழாமல் நிற்கிற அளவுக்குக்
கொண்டுவந்திருந்தேன்.
எட்டுத் துளையில் ஏழுக்கு மரை போட்டாயிற்று.
எட்டாவதில், ஞாயிறு மத்தியானம்,
கரண்ட் போய் ஃபேன் நின்ற நேரத்தில்,
வியர்வை கண்ணில் இறங்க,
அரைச்சுற்று பின்னால் வரவேண்டிய இடத்தில்
கால்சுற்று முன்னால் போனேன்.

அவ்வளவுதான்.

சாயங்காலம் எல்லீஸ் நகர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே
நாலு பேரும் வந்து குனிந்து பார்த்தார்கள்,
இழவு வீட்டில் முகம் பார்ப்பதுபோல.

புதூர் டிப்போ ஒச்சப்பன் சொன்னார்:
"மேல ஒரு நட்டை வச்சு வெல்டிங் பொட்டு வைங்க,
திருகி எடுத்துரலாம்ல."
மூணு மில்லிமீட்டர்ண்ணே, பஸ் இல்லை.
பல் டாக்டர் ஜெபசிங்
சட்டைப்பையிலிருந்தே வைரமுனை எடுத்தார்.
"வேர் சிகிச்சைதான்" என்றார்.
வாயைத் திற என்று மட்டும்தான் சொல்லவில்லை.
சுங்குடிக் கடை நாகேஷ்ராமுக்கு எல்லாம் சுலபம்:
"ஏழு போல்ட் தாங்கும்.
எட்டாவதுக்குத் தலையை மட்டும் ஒட்டிவிடுங்க.
யார் பார்க்கப்போறா?"
நான் பார்ப்பேனே.

ரஹ்மத் நிஷா கல்லூரி லேபில் வேலை பார்ப்பவள்.
டீயை முடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்:
"வீட்ல படிகாரம் இருக்கா?
இரும்பைத் தின்னும். வெண்கலத்தை விட்டுரும்.
எவர்சில்வர்ல வச்சிராதீங்க. மண்சட்டி."

கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில்
"வாசல்ல கட்டவா? கறுப்புக் கயிறு சேர்த்துத் தரட்டுமா?"
"இல்லைங்க, அவிக்க."
மரை கழண்ட கேஸ் என்று நினைத்திருப்பார்.
மரை போடத்தான் ஐயா இந்தப் பாடு.

பக்கத்து வீட்டு அமிர்தவல்லி
ஜன்னல் வழியே சட்டியை எட்டிப் பார்த்து
"யார் கண்ணு பட்டுச்சு?" என்றார் ரகசியமாக.
"என் கண்ணுதான்" என்றேன்.
உண்மைதானே. ஏழாவது முடிந்ததும்
வெளிச்சத்தில் பிடித்து ரசித்தது நான்தான்.

இரண்டு ராத்திரி.
கொதிக்கவிடாமல், ஆறவும் விடாமல்.
துளையிலிருந்து நூல் பிரிந்ததுபோல
குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.
இரும்பு மூச்சுவிடுகிறது என்று நினைத்தேன்,
இல்லை, கரைகிறது.
தண்ணீரை மூன்று தடவை மாற்றினேன்.
பகலில் ஆபீசில் பிரீமியம் கட்ட வந்தவர்
என் நகக்கண்ணைப் பார்த்துவிட்டு
ரசீதை இரண்டுமுறை சரிபார்த்தார்.

மூன்றாம் நாள் காலை ஊக்கால் குத்தினேன்.
கறுப்புச் சேறு.
அதன் பின்னால் வெளிச்சம்.
நான் போட்ட மரை, போட்டவரைக்கும்,
ஒரு கீறல் இல்லாமல்.

மிச்சக் கட்டியை
லேத்து விளக்கில் யாரோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
கறுப்புக் கயிறில்லை,
பல் இடுக்கில் விட்டு இழுக்கிற வெள்ளை நூல்.
ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவரிடம்
நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் மூடி ஏறியது, எட்டு போல்ட்டோடு.
ஒச்சப்பன் சைக்கிள் பம்பை அமுக்கினார்.
பதினோராவது அமுக்கில்
சக்கரம் ஒருமுறை தயங்கி,
பிறகு தயங்காமல்,
சுற்றியது.
பின்பக்கமாக.

ஒரு கணம் யாரும் எதுவும் சொல்லவில்லை.
பிறகு நாலு பேரும்
ஒரே நேரத்தில்.