உதடு மூடும் இடங்கள்

அந்தேரியில், லிஃப்ட் இல்லாத நாலாவது மாடியில்
இந்தி சீரியல்களுக்குத் தமிழ் எழுதுகிறேன்.
எபிசோடுக்கு எண்ணூறு.
தொண்ணூறு நாள் கழித்து வரும்,
சில சமயம் நூற்றிருபது.

வேலை இதுதான்:
திரையில் அவள் உதடு மூடும் இடத்தில்
தமிழும் மூட வேண்டும்.
ப வேண்டும், அல்லது ம.
அர்த்தம் அதற்கப்புறம்,
இடம் இருந்தால்.

மொஹப்பத் இரண்டு முறை மூடுகிறது.
காதல் மூடுவதே இல்லை.
சொல்லிப் பாருங்கள்,
உதடுகள் தொட்டுக்கொள்ளாமலே முடிந்துவிடும்.
அதனால் இரண்டு வருடமாக
என் நாயகன் எல்லாரிடமும் பாசமாக இருக்கிறான்.
மழையில் நனைந்து, முட்டி போட்டு, மோதிரம் நீட்டி
உன்மேல் பாசம் என்கிறான்.
திருநெல்வேலியிலிருந்து அக்கா போன் செய்தாள்:
அவன் என்ன, அவளுக்கு அண்ணனா?

இஷ்க் என்று என்றைக்காவது சொல்வான்,
அதில் உதடு மூடாது,
காத்திருக்கிறேன்.

ஒருமுறை பொறுக்காமல் காதல் என்றே எழுதிவிட்டேன்.
நாற்பத்தோராம் எபிசோடு.
சொல் ஒருபக்கம் போக
அவன் வாய் தன்பாட்டுக்கு இரண்டு முறை மூடித் திறந்தது,
தொட்டி மீன் மாதிரி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஜிக்னேஷ் தலையில் கை வைத்தார்.
எண்ணூறு போயிற்று.
பதினேழு நாள் யாரும் கூப்பிடவில்லை.
அந்தப் பதினேழு நாளில்
ஒரு நல்ல கவிதை எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை.
போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடாலாவில் வண்டி மாறி மான்குர்த்.
பெண்கள் பெட்டியில் நின்றபடி
சத்தமில்லாமல் சொற்களை வாயில் போட்டுப் பார்ப்பேன்.
பாவம். பயம். பம்பரம்.
எதிரே பூக்கூடையோடு இருந்த அம்மாள்
ஜபம் என்று நினைத்துவிட்டாள்.
மூன்று பேரை நெருக்கி
நாலாவது இடம் வாங்கித் தந்தாள்.
உட்கார்ந்துவிட்டு
செம்பூர் வரை நிறுத்தாமல் ஜபித்தேன்.
இடம் போய்விடக் கூடாதே.

போன மாதம், கோவண்டி தாண்டும்போது ஒரு வரி வந்தது.
ஐந்து சொல்.
யாருடைய உதட்டுக்காகவும் அல்ல.
அசைந்தால் சிந்திவிடும் என்று
அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.
மான்குர்த் வந்து போயிற்று.
கழிமுகப் பாலம், கறுப்புத் தண்ணீர், சேற்று வாடைக் காற்று.
வாஷியில் டிக்கெட் பரிசோதகர்.
என் பாஸ் மான்குர்த்தோடு முடிகிறது.
தூங்கிவிட்டீர்களா மேடம் என்றார்.
இல்லை என்றால் மிச்சத்தை எந்த மொழியில் விளக்குவது?
ஆமாம் என்றேன்.
இருநூற்று அறுபது.
ரசீதின் முதுகிலேயே வரியை எழுதிக்கொண்டேன்.

காலையில் பார்த்தால் இரண்டு சொல் வீண்.
அடித்தேன்.
மிச்சம் மூன்று,
சொல்லுக்கு எண்பத்தாறு ரூபாய் சொச்சம்.
ஆறாம் தேதி காம்ப்ளே வாடகைக்கு வருவார்.
கையில் மூன்று சொல் இருக்கிறது.
எவை என்று சொல்லமாட்டேன்,
இன்னும் ஒன்று அடிபடலாம்.

இந்தத் தொழிலில் ஒரு சந்து உண்டு.
முதுகு காட்டி நிற்பவர்
என்ன வேண்டுமானாலும் பேசலாம்.
முதுகை யாரும் சரிபார்ப்பதில்லை.

இன்று மாமியார்
ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள்.
இந்தியில் அவள் பேசுவது
மருமகளின் வளையல் கணக்கு.
என் மூன்று சொல்லையும் அவள் வாயில் வைத்தேன்.

செல்வகனி மைக் முன்னால் நின்றாள்.
அக்கா, இங்கே ஏதோ டைப்பிங் தப்பா?
இல்லை, அப்படியே படி.
படித்தாள்.
கொஞ்சம் நிதானமாக,
தேவையில்லாத ஓர் இடத்தில் மூச்சு விட்டு.

ஜிக்னேஷுக்குத் தமிழ் தெரியாது.
டேக் ஓகே என்றார்.

அடுத்த ஷாட்டில் மாமியார் திரும்பிவிட்டாள்.
மறுபடி ப.
மறுபடி ம.