இருநூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

வெள்ளவத்தையில்
நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் ஒரு கொமியூனிகேசன்.
எங்கள் கலியாணம்
அங்கேதான் அச்சாகிக்கொண்டிருக்கிறது.
கறுப்பு வெள்ளை, பக்கம் பன்னிரண்டு ரூபா.

"அக்கா, இதயமெல்லாம் சாம்பல் நிறத்திலதான் விழும்.
பரவாயில்லையா?" என்று கேட்கிறான் ரிஸ்லான்.

பரவாயில்லை.

உறவு தொடர்ச்சியாய் இருக்கவேணுமாம்,
ரட்ணா மிஸ் சொல்லியிருக்கிறா.
இடையில் ஓட்டை விழக்கூடாது.
விழுந்தால் அதற்கொரு கடிதம்,
கடிதத்துக்கொரு சமாதான நீதவான்,
அவருடைய சீலுக்கு ஆயிரத்தைந்நூறு.

எங்கள் ஓட்டை
மாசி பதினேழிலிருந்து பங்குனி இருபத்தொன்பது வரை.
அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்று எழுதினேன்.
அம்மா போனது உண்மை,
கண்ணுக்கு வில்லை மாற்ற, ஒரு நாள்.
மிச்ச நாற்பது நாளும்
நீ சொன்ன ஒரு வசனத்துக்குள்
கால் மடக்கிக் குந்தியிருந்தேன்.
"ஒன்பதாயிரம் டொலர் கட்டினது ஆர், வாகீசனா நீயா?"
உன் பெயரை நீயே மூன்றாம் ஆளாய்ச் சொன்னாய்.
இரவிரவாய்ப் பெட்டி தூக்கின காசு, தெரியும்.
நான் கேட்டதோ
ஏன் இப்ப சிரிக்கிறேல்லை என்று மட்டும்தான்.

சித்திரையிலிருந்து ஒழுங்காய் எழுதினோம்.
"காலை வணக்கம் அன்பே."
அன்பே என்று வாயால் ஒருநாளும் கூப்பிட்டவனில்லை நீ.
"சாப்பிட்டீங்களா?"
நீங்கள் போட்டுக் கதைக்கிற ஆக்களா நாங்கள்?
எவரோ ஓர் உத்தியோகத்தர் வாசிப்பார் என்று
எழுத்துப்பிழை இல்லாமல் கொஞ்சினோம்.
மொழிபெயர்ப்பாளர் பரஞ்சோதி ஐயா
பக்கத்துக்கு எண்ணூறு வாங்கி
அவ்வளவையும் இங்கிலீசில் மாற்றினார்.
"நல்ல சோடி" என்றார்
கண்ணாடியைத் துடைத்தபடி.

ஞாயிறுகளில் வீடியோ கோல்.
நாற்பது நிமிசம் பதிவில் விழவேணும்.
போனைச் சீனிப் போத்தலில் சாத்திவிட்டு
நீ வெங்காயம் வெட்டுவாய்.
நான் உடுப்பு மடிப்பேன்.
கடற்கரை ரயில் இரைந்து போகும்போது மட்டும்
தலையை நிமிர்த்துவாய்.
"அளுத்கமையோ?"
"ஓம்."
"பிந்திப் போகுது."
அவ்வளவுதான்.
நீ மெல்பேணில் நின்று
வெள்ளவத்தை ரயிலின் நேரம் பார்க்கிறதை
எந்தப் பக்கத்தில் அச்சடிக்கிறது?

வைகாசியில் ஓரிரவு ஒன்றரை மணிக்குப் போன் அதிர்ந்தது.
உனக்கு வேலை முடிகிற நேரம்.
"இது ஃபைலுக்கு இல்லை" என்று தொடங்கியிருந்தாய்.

உண்மையா வர விருப்பமோ?
இல்லையெண்டாச் சொல்லு.
காசைப் பற்றி ஒருநாளும் கதைக்க மாட்டன்.
குளிர் தொடங்கிட்டுது இஞ்ச.
நீ தந்துவிட்ட போர்வையோடதான் இருக்கிறன்.

எழுத்துப்பிழை மூன்று.
முற்றுப்புள்ளி ஒன்றுமில்லை.
வாசிக்க எளிதாய் இருக்கட்டுமென்று
இங்கே நான்தான் போட்டேன்.

ஓம் என்று எழுதி அழித்தேன்.
இல்லை என்று எழுதவில்லை,
ஆனால் அந்த எழுத்துக்கு மேலே
விரல் நின்றது.
மூன்று கிழமையாய்
என் பெயருக்குக் கீழே
தட்டச்சு செய்கிறார், தட்டச்சு செய்கிறார் என்று
உன் திரையில் தோன்றித் தோன்றி
மறைந்துகொண்டிருக்கிறேன்.

மெசினுக்கு இதெல்லாம் தெரியாது.
மற்றப் பக்கங்களோடு அதையும்
இளஞ்சூட்டோடு துப்பிவிட்டது.
எடுத்து நாலாய் மடித்து
கைப்பைக்குள் வைத்தேன்.

"அக்கா, இருநூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு
இருநூற்றுப் பதினாலு வருது.
நம்பர் மாத்தித் திருப்பி அடிக்கவா?"

"வேண்டாம்."

ரட்ணா மிஸ் பிடித்துவிடுவா.
இன்னொரு ஓட்டை, இன்னொரு கடிதம்.
வெளியே மழை, நூறாம் இலக்க பஸ்ஸின் வைப்பர்
ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது.

ரிஸ்லான் கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டுகிறான்.
"மூவாயிரத்து நூற்றெட்டு.
அந்த ஒண்டைக் கழிச்சிட்டன் அக்கா,
பிழையா வந்ததுதானே."

இல்லை தம்பி,
அதையும் சேர்.