ஒன்பதாம் நம்பர்

விடியும்போதே கோடு போட்டுவிட்டேன்.
இரண்டு கிலோ சுண்ணாம்பு,
ஆணியால் துளைபோட்ட பவுடர் டப்பா.
கோத்தகிரி மைதானம் கிழக்கே கொஞ்சம் சாய்வு.
விட்டால் பந்து தானாகவே
டீ ஃபேக்டரிப் பக்கம் உருளும்.
கோடும் அப்படித்தான்.
நேராகப் போட்டதாகவே இன்னமும் நினைக்கிறேன்.

பத்தரைக்கு எம்.எல்.ஏ. பெள்ளிராஜ் வந்தார்.
வேட்டியை மடித்துக் கட்டி
முதல் உதை உதைத்தார்.
சும்மா சொல்லக் கூடாது, நல்ல உதை.
ஒரு காலத்தில் லெஃப்ட் விங் ஆடியவராம்.
பிள்ளைகள் உடுப்பு மாற்றும் அறைக்குத்
தாழ்ப்பாள் வந்தது அவரால்தான்.
தாழ்ப்பாள் பெரிய விஷயம்.
நாங்கள் குடை விரித்து, குடைக்குப் பின்னால் மாற்றினோம்.

பிறகு மைக்.

"பெண்கள் விளையாட்டு பெண்களுக்கு மட்டும்.
சபையிலேயே சொன்னேன், சிரித்தார்கள்.
என் மகள் நானூறு மீட்டரில் நாலாவதாக வந்தாள்.
முன்னால் ஓடிய மூன்று பேரில் ஒருத்தியைப் பற்றி
அவளுக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.
அந்தச் சந்தேகத்தோடுதான் என் பிள்ளை தூங்குகிறாள்."

அதில் நடிப்பு இல்லை. தொண்டை அடைத்தது அவருக்கு.

"அடுத்தது மலை.
குஞ்சப்பனை செக்போஸ்ட்டில்
பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பையைத் திறக்கிறோம்,
மனுசனிடம் ஒரு காகிதம் கேட்டால் தப்பா?
இந்த மாதமே லயம் லயமாகச் சோதனை.
காகிதம் இல்லையா, அடுத்த பஸ்சில் கீழே."

ஜார்கண்டும் நம்ம நாடுதானேங்க என்றது பின்வரிசை.
"அதைக் காகிதம் சொல்லட்டும்."

கைதட்டினார்கள்.
என் கையில் கொடி இருந்தது.

கோல் கம்பத்தடியில் பூல்மணி
கையுறையைப் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தாள்.
இரண்டு வயதில் அம்மா முதுகில் வந்தவள்.
ரெஃப்ரீயைத் திட்டுவது
எந்த ஊர்த் தமிழ் என்று கேட்டால்
இந்த ஊர்த் தமிழ்தான்.

இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார்.
ஆரஞ்சுச் சுளை நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.
"டீச்சர், அந்த ஒன்பதாம் நம்பர் புள்ள..."
அதோடு நிறுத்திவிட்டார்,
முடித்துவைப்பது என் வேலை என்பதுபோல.

அந்த நம்பர் உடுப்பை யாரும் தொட மாட்டார்கள்.
ஏன் என்று ஊருக்குத் தெரியும்.
பவளம் எடுத்து மாட்டிக்கொண்டாள்:
"நம்பர்தானே டீச்சர், கடிக்குமா?"
கட்டைக் குரல். மேலுதட்டில் பூனைமயிர் கொஞ்சம் தடிப்பு.
அவளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும்.
சொன்னால் அவர் நிம்மதியாகிவிடுவார்.
சொல்லவில்லை.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

சுளை புளித்தது.

என் பீரோவில் ஒரு குடும்ப அட்டை.
மண்டபம் முகாம் முத்திரை, கப்பல் தேதி.
அதில் எனக்குப் பெயர்கூடக் கிடையாது:
'பெண் குழந்தை 1'.
அவர் கேட்கும் இரண்டு கேள்விக்கும்
யாரோ ஒரு குமாஸ்தா
தலை நிமிராமல் ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார்.
துணியை விலக்கிப் பார்த்தாரா,
அம்மா சொன்னதை நம்பினாரா, தெரியவில்லை.

இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கியது.
பாதி மைதானத்தைக் காணோம்.
எழுபதாவது நிமிடம்
வெள்ளைக்குள்ளிருந்து பவளம் ஓடி வந்தாள்,
ஒரே அடி,
பூல்மணியின் விரல்நுனியை உரசி உள்ளே.

கொடியைத் தூக்கினேன்.
ஆஃப்சைடு. அரையடி.
பார்த்ததைச் சொல்ல வேண்டும், அதற்குத்தான் கூலி.

மேடையில் நாற்காலி கவிழ்ந்தது.
"கோல் டீச்சர் அது! கண்ணு தெரியலையா?
புள்ள எவ்வளவு சுத்தமா வந்தா!"
கோட்டு வரைக்கும் இறங்கி வந்துவிட்டார் பெள்ளிராஜ்,
வேட்டியெல்லாம் சேறு.
பவளமும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று
என்னை ஒரே மாதிரி முறைத்தார்கள்.
கோலுக்குள் குனிந்து பூல்மணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை படிவம் வந்தது.
வீராங்கனை பெயர், பிறந்த ஊர், அதற்குச் சான்று,
பக்கத்துக் கட்டத்தில் மருத்துவச் சான்று.
இருபத்திரண்டு பெயருக்கு இடம்.
பீரோவில், குடும்ப அட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.
நேற்று நினைவூட்டல் கடிதமும் வந்தது.
அதையும் அங்கேதான் வைத்தேன்.