நாலு விரல்

சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சத்து நாற்பது.
அதற்குள் ஒரு வண்டி,
அதைத் திரும்பச் செய்வதும் அதற்குள்ளேயே.
பார்த்தது இரண்டு.

ஒட்டன்சத்திரத்தில்
வெங்காயக் கிட்டங்கிக்குப் பின்னால் நின்றது ஜோங்கா.
ராணுவ ஏலத்தில் யாரோ எடுத்து, யாரோ விற்று, யாரோ மறந்தது.
பச்சையைச் சுரண்டினால் இன்னொரு பச்சை,
அதையும் சுரண்டினால் மணல் நிறம்.
மூடியைத் தூக்கினால் ஆறு சிலிண்டர்,
கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி வரிசையாக.
ஒரே திருகில் பிடித்துக்கொண்டது.
கிட்டங்கிப் பூனை எழுந்து போனது.
அவர் முகத்தைப் பார்த்தேன்:
எங்கள் நிச்சயத்தன்றுகூட
அப்படி ஒரு முகம் இல்லை.

வில்லீஸ் நின்றது பெரும்பாறையில்,
கமலாத் தோட்டத்து ஷெட்டில்.
பம்பரைப் பற்றி மிளகுக்கொடி ஏறத் தொடங்கியிருந்தது.
தளத்தில் ஓட்டை; அதன் வழியே
ஓர் எறும்பு வரிசை, அவசரமில்லாமல்.
சாவி காணோம்.
தள்ளினோம், உருண்டது.
அன்றைக்கு அதைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருந்தது.

பட்டிவீரன்பட்டி இன்னாசி
இரண்டுக்கும் அடியில் படுத்து எழுந்தார்.
"ஜோங்காவுக்கு எலும்பு சுத்தம், வயிறு பெருசு.
லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுத்தா கும்பிட்டுக்கங்க.
அந்தக் குட்டைக்கு எலும்பே மாத்தணும்.
ஆனா பல்லு நல்லாருக்கு."
கியர் பெட்டியைச் சொன்னார்.

ராத்திரி தட்டோரம் ரசத்தில் ஜோங்கா வரைந்தார் இவர்.
பத்து மூட்டை காப்பி ஒரே நடையில்.
ஐப்பசிச் சேற்றில் நிற்காமல் ஏறும்.
பட்டாளமே நம்பிய வண்டி.
எல்லாம் சரிதான்.
அவருக்கு ஓட்டத் தெரியாது.
இருபத்திரண்டு வருஷமாக ஸ்டியரிங் என் கையில்:
வேன், டிராக்டர்,
ஒரு தடவை, டிரைவர் வாந்தியெடுத்துக் கிடக்க, ஆம்புலன்ஸ்.
ஜோங்காவின் கிளட்சை மிதித்தபோது
என் இடது முட்டி ஒரு வார்த்தை சொன்னது.
அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

சொன்னது வேறு.
தாண்டிக்குடிக்கு மேலே தார் முடிகிற இடத்திலிருந்து
தோட்டத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர்.
நடுவில் ஓடை. ஓடைக்கு அந்தப்பக்கம்
நெருங்கி நிற்கும் இரண்டு பாறை.
காட்டுமாடு உரசி உரசி வழவழத்தவை,
என் தோள் உயரத்தில் எப்போதும் கொஞ்சம் ரோமம் ஒட்டியிருக்கும்.
மூங்கில் ஒன்றைக் குறுக்கே பிடித்துக்
கீறல் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.
கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான்.

பெரும்பாறையில் ஓர் உள்ளங்கை மிச்சம்.
ஒட்டன்சத்திரத்தில் நாலு விரல் குறைச்சல்.

"பாறையை உடைச்சிரலாம்" என்றார்,
வெடி வைக்கிற ஆளைத் தெரியுமாம்.
அப்புறம் மாடு எங்கே போய் முதுகு சொறியும் என்றேன்.
சிரித்துவிட்டார்.
அதோடு முடிந்தது,
அல்லது முடிந்த மாதிரி இருந்தது.

ஏழு மாதம்.
தளத்துக்குப் புதுத் தகடு, கம்பானுக்கு ஒரு பட்டை கூடுதல்.
காற்று வடிகட்டியைப் பிரித்தால்
குளவி கட்டிய மண்கூடு, ஆறு அறை.
"இதுலயும் ஆறு இருக்கு பாருங்கண்ணே" என்றார் இன்னாசி,
இவர் பக்கம் திரும்பி.
முதல் நாள் பாறைகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நுழைந்தேன்,
என் மூச்சுக்கும் வண்டியின் அகலத்துக்கும் சம்பந்தம் இருப்பதுபோல.

மாசி கடைசியில் மிளகு ஏற்றி இறங்கும்போது
கீழ் வளைவில் வெளிச்சம், பிறகு சத்தம்.
பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது.
ஏறுகிற வண்டிக்குத்தான் வழி;
பின்னுக்கெடுத்து
சவுக்கு மரத்தோடு ஒட்டி நிறுத்தினேன்.
ஜோங்கா எங்களைக் கடந்து போனது,
யாரோ நீலம் அடித்திருந்தார்கள்.
ஓட்டியவன் கை தூக்கினான். நானும்.

இவர் ஒன்றும் பேசவில்லை.
மூன்று வளைவு மேலே போய்
மலைக்குள் அது தேயும்வரை
கண்ணை மூடிக் கேட்டிருந்தவர்
மெல்லச் சொன்னார்:
"அஞ்சுதான் அடிக்குது."